வலைப்பூவில் வாசகர் தங்கவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வரிசை

வலைப்பூவை அழகாக்க நினைக்கும் பதிவர்கள் முதலில் எதையாவது சேர்ப்பார்கள். புது விட்ஜெட், புது எழுத்துரு, புது வார்ப்புரு (தீம்) என்று ஏறிக்கொண்டே போகும். வாசகரை விரட்டும் கோளாறுகளில் பெரும்பாலானவை இப்படி முன்பு எப்போதோ சேர்த்தவற்றிலிருந்துதான் கிளம்புகின்றன. ஆகவே கீழே உள்ள வரிசையில் எடுத்துப்போடுவது முதலில் வரும், சேர்ப்பது பிறகு, காசு கொடுப்பது கடைசி. அமைப்புகளின் பெயர்கள் பிளாகரை ஒட்டியவை. வேர்ட்பிரஸ் வேறுபடும் இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறது.

## கை வைப்பதற்கு முன்

பிளாகரில் தீம் பக்கத்துக்குப் போய், கஸ்டமைஸ் பொத்தானுக்குப் பக்கத்து அம்புக்குறியை அழுத்தி, பேக்அப் எடுத்துக்கொள்ளுங்கள். வார்ப்புரு ஒரே கோப்பாக இறங்கும். பதிவுகளும் பின்னூட்டங்களும் அதில் வராது. அவற்றுக்கு செட்டிங்ஸில் மேனேஜ் பிளாக் பகுதியில் தனி பேக்அப் உண்டு. இரண்டும் வேண்டும்.

அடுத்து, உங்கள் வலைப்பூவை வாசகராகப் பாருங்கள். உங்கள் உலாவி படங்களையும் எழுத்துருவையும் ஏற்கெனவே சேமித்து வைத்திருப்பதால் உங்களுக்கு மட்டும் பக்கம் சட்டென்று திறக்கும். உள்நுழைந்திருப்பதால் பின்னூட்டப் பெட்டியும் ஒழுங்காக வேலை செய்யும். வாசகருக்கு இரண்டுமே கிடையாது. வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில், விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒன்றில், மறைநிலைச் சாளரத்தில் திறந்து பாருங்கள். கணினியிலேயே கைப்பேசித் தோற்றத்தைப் பார்க்க, பிளாகர் முகவரியின் கடைசியில் கேள்விக்குறி, சிறிய எம், சமக்குறி, 1 ஆகியவற்றை இடைவெளியில்லாமல் சேர்த்தால் போதும்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். மூன்றைச் சேர்த்துச் செய்தால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று தெரியாது.

## எழுத்தே சரியாகத் தெரியவில்லை

இதில் நான்கு வகை உண்டு. எந்த வகை என்று பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

### பழைய பதிவுகள் மட்டும் கந்தரகோளமாக இருக்கின்றன

யூனிகோடு பரவலாவதற்கு முன் எழுதியவை, அல்லது டிடிபி கோப்பிலிருந்து ஒட்டியவை. ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் அரைப்புள்ளியும் கலந்து தெரிந்தால் பெரும்பாலும் பாமினி என்ற பழைய எழுத்துமுறை. தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் திஸ்கி அல்லது தாப். சுரதா, என்எச்எம் மாற்றிகள் போன்றவற்றில் ஒரு பத்தியை மட்டும் போட்டுச் சோதித்து, சரியான வகையைக் கண்டுபிடித்த பிறகு முழுப் பதிவையும் மாற்றுங்கள்.

எச்டிஎம்எல் பார்வையிலிருந்து நகலெடுத்துப் பாமினி மாற்றியில் போடவே கூடாது. குறிகளும் சுட்டிகளும் ஆங்கில எழுத்தில் இருப்பதால் அவற்றையும் சேர்த்துத் தமிழாக்கித் தொலைக்கும். கம்போஸ் பார்வையில் பத்தி பத்தியாக எடுங்கள். இடையில் வரும் ஆங்கிலப் பெயர்களைக் கையால்தான் திருத்த வேண்டும்.

50 பதிவு வரை இப்படி உட்கார்ந்து முடித்துவிடலாம். நூற்றுக்கணக்கில் இருந்தால் நிரல் எழுதத் தெரிந்தவரிடம் பேக்அப் கோப்பைக் கொடுத்து மொத்தமாக மாற்றச் சொல்லுங்கள். மாற்றியதை முதலில் யாருக்கும் தெரியாத சோதனை வலைப்பூ ஒன்றில் ஏற்றிப் பார்த்துவிட்டு, பிறகு உண்மையான இடத்தில் ஏற்றட்டும்.

### கொம்புக்குப் பக்கத்தில் புள்ளிவட்டம் தெரிகிறது

பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்த பதிவுகளில் வரும். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும், யூனிகோடில் மெய்யெழுத்துக்குப் பின்னால்தான் பதிவாக வேண்டும். பிடிஎஃப் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கொடுத்துவிடுவதால் கொம்பு அநாதையாக நிற்கிறது. அந்தச் சொற்களைத் திரும்பத் தட்டச்சு செய்வதைத் தவிர எளிய வழியில்லை.

### சரியாகத் தெரிகிறது, ஆனால் தேடினால் கிடைக்கவில்லை

இதுதான் ஏமாற்றுக்காரக் கோளாறு. பக்கத்தில் கண்ணெதிரே இருக்கும் சொல்லை நீங்களே புதிதாகத் தட்டச்சு செய்து, உலாவியின் தேடலில் போட்டுப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் உள்ளே வேறு எழுத்து உட்கார்ந்திருக்கிறது. வழக்கமான குற்றவாளிகள் மூன்று. 'எ' இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழு, அதாவது ௭. துணைக்காலுக்குப் பதில் 'ர'. ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் 'ள'வும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்றுபோல் இருப்பதால் மெய்ப்புப் பார்ப்பவருக்கும் சிக்காது. கூகுள் தேடலில் அந்தப் பதிவு அந்தச் சொல்லுக்கு வராமல் போக இது ஒன்றே போதும். தலைப்பில் இந்தப் பிழை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உடற்பகுதியைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

### எழுத்து சரி, மெனுவில் மட்டும் வெற்றுக் கட்டங்கள்

வார்ப்புரு செய்தவர் ஐகான் எழுத்துருவை வெளித்தளம் ஒன்றிலிருந்து இழுத்திருப்பார். அந்தத் தளம் நின்றுபோயிருக்கும். கட்டம் இருக்கும் இடத்தில் 'மெனு', 'தேடு' என்று எழுத்திலேயே போட்டுவிடுங்கள். மூன்று கோட்டைப் பார்த்து அது மெனு என்று தெரியாத வாசகருக்கும் இது உதவும்.

## தெரிகிறது, ஆனால் படிக்கக் கண் வலிக்கிறது

வார்ப்புருக்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை வைத்துச் செய்யப்பட்டவை. 14 பிக்சலில் ஆங்கிலம் தெளிவாக இருக்கும். அதே அளவில் 'ஞ', 'ணை', 'ழூ' எல்லாம் மைப்பொட்டாகிவிடும்.

அளவும் வரி இடைவெளியும். உடற்பகுதிக்கு 17 அல்லது 18 பிக்சல், வரி இடைவெளி எழுத்தளவில் 1.7 மடங்கு. ஆங்கில வார்ப்புருவில் இது 1.4 அளவில் இருக்கும். மேல்வரியின் உகரச் சுழி கீழ்வரியின் இகரக் கொக்கியில் இடிப்பது அதனால்தான். தீம் கஸ்டமைஸில் அட்வான்ஸ்டு பகுதியில் அளவை மாற்றலாம். வரி இடைவெளிக்கு அங்கேயே ஆட் சிஎஸ்எஸ் பெட்டி இருக்கிறது. மாற்றியபின் 'நூற்றுக்குக் கீழிறங்கும்' போன்ற சொற்கள் வரும் பத்தி ஒன்றைப் பாருங்கள், இடிக்கிறதா என்று உடனே தெரியும்.

எழுத்து இடைவெளி. ஆங்கிலத் தலைப்புகளை எடுப்பாகக் காட்ட எழுத்துகளுக்கு நடுவே 1, 2 பிக்சல் விட்டிருப்பார்கள். தமிழில் அது சொல்லை உதிர்த்துவிடுகிறது. சுழியம் ஆக்குங்கள்.

இருபக்கச் சீரமைப்பு. அச்சுப் புத்தகம் போல இரண்டு ஓரமும் நேராக வர வேண்டும் என்ற ஆசை. 360 பிக்சல் அகலக் கைப்பேசித் திரையில் 'எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்' என்ற ஒரு சொல்லே வரியின் பெரும்பகுதியைத் தின்றுவிடும். மிச்சம் இருக்கும் இரண்டு சொற்களுக்கு நடுவே மாட்டுவண்டி போகலாம். இடப்பக்கச் சீரமைப்பு போதும்.

போலித் தடிப்பு. எழுத்துருவில் தடித்த வடிவம் இல்லையென்றால் உலாவியே கோட்டைத் தடிமனாக்கிக் காட்டும். சுழிகள் அடைபட்டுப்போகும். மீரா இனிமை, பவனம், கவிவனார் போன்றவை ஒரே எடையில் மட்டும் கிடைப்பவை. நடுநடுவே தடித்த எழுத்து பயன்படுத்துபவர் என்றால் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான் ஆகியவற்றில் ஒன்றை எடுத்து, 400, 700 ஆகிய இரு எடைகளை மட்டும் சேருங்கள். சாய்வெழுத்தும் இதே கதைதான். தமிழில் பெரும்பாலும் அது உலாவி சாய்த்துக் காட்டும் போலி. மேற்கோளுக்குச் சாய்வு வேண்டாம், உள்தள்ளலே போதும்.

ஒரே பதிவில் மூன்று அளவு, மூன்று எழுத்துரு. வேர்டிலிருந்து நேராக ஒட்டியதன் அடையாளம். எச்டிஎம்எல் பார்வையில் எம், எஸ், ஓ என்று தொடங்கும் நீண்ட குப்பை வரிகள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். முழுதும் தேர்ந்தெடுத்து, கருவிப்பட்டையில் இருக்கும் வடிவமைப்பு நீக்கும் பொத்தானை அழுத்துங்கள். துணைத்தலைப்புகளைப் பிறகு ஹெடிங் தெரிவின் மூலம் திரும்பப் போட வேண்டியிருக்கும். இனிமேல் ஒட்டும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வெறும் எழுத்து மட்டும் வரும்.

வார்ப்புருவில் எழுத்துருவை மாற்றியும் சில பதிவுகள் மட்டும் மாறவில்லை என்றாலும் காரணம் இதே ஒட்டல்தான். இருட்டுப் பின்னணிக்கு மாற்றியதும் சில பத்திகள் காணாமல் போயிருந்தால் அவையும் அங்கேயேதான் இருக்கின்றன. வேர்டு கொண்டுவந்த கறுப்பு நிறம் கறுப்புப் பின்னணியில் ஒளிந்திருக்கிறது.

நிறம். எழுத்துக்கும் பின்னணிக்கும் வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 வேண்டும் என்பது இணைய அணுகல் நெறி. இலவசச் சோதனைப் பக்கங்களில் இரண்டு நிறக்குறியீட்டையும் போட்டால் விகிதம் வரும். வெளிர்சாம்பல் எழுத்துதான் இதில் அதிகம் தோற்பது. வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நின்று படிப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

## திறக்கவே நேரமாகிறது

பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற கூகுளின் வேகச் சோதனைப் பக்கத்தில் முகவரியைப் போட்டு மொபைல் பகுதியை மட்டும் பாருங்கள். நூற்றுக்கு எத்தனை என்பதைத் துரத்த வேண்டாம். முதன்மைப் படமோ பத்தியோ தெரிய 2.5 நொடிக்குள் என்றால் நன்று. 4 நொடியைத் தாண்டினால் கீழே உள்ளவற்றை வரிசையாகச் செய்யுங்கள். முகப்பை மட்டும் சோதிக்காமல், படம் அதிகமுள்ள பதிவு ஒன்றையும் சோதியுங்கள். வாட்ஸப் வழியாக வருபவர் முகப்பைப் பார்ப்பதே இல்லை.

### செத்துப்போன விட்ஜெட்டுகள்

பத்து வருடம் ஓடிய தமிழ் வலைப்பூ என்றால் பக்கப்பட்டையில் ஒரு சிறு மயானமே இருக்கும். கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. ஃபிளாஷ் 2020 டிசம்பரோடு முடிந்தது, அதில் ஓடிய கடிகாரமும் பாட்டுப்பெட்டியும் அதோடு சரி. ஃபீட்பர்னரின் மின்னஞ்சல் சேவை 2021 ஜூலையில் நின்றது, 'மின்னஞ்சலில் பெற' என்ற பெட்டி மட்டும் இன்னும் முகவரி கேட்டுக்கொண்டிருக்கும். பல வலைப்பூக்களின் பதிவுகளைத் தொகுத்துக் காட்டி நின்றுபோன திரட்டிகளின் வாக்குப்பட்டைகள், வருகை எண்ணிகள், எந்த ஊரிலிருந்து யார் வந்தார் என்று காட்டும் உருண்டைகள் வேறு. இல்லாத சர்வரைக் கூப்பிட்டுவிட்டு உலாவி பதிலுக்குக் காத்திருக்கும். அதற்குள் வாசகர் பின்னால் போய்விடுவார்.

லேஅவுட்டுக்குப் போய் ஒவ்வொன்றாக நீக்கி, ஒவ்வொரு முறையும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். வாக்குப்பட்டை போன்றவற்றை அந்தக் காலத்தில் வார்ப்புருவுக்குள்ளேயே ஒட்டச் சொல்வார்கள், ஆகவே லேஅவுட்டில் தெரியாது. தீம் பக்கத்தில் எடிட் எச்டிஎம்எல் திறந்து, உள்ளே ஒருமுறை சொடுக்கி, சேவையின் பெயரைத் தேடுங்கள். ஸ்கிரிப்ட் குறி தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம்வரை முழுதாக எடுக்க வேண்டும். பாதி எடுத்தால் வார்ப்புரு சேமிக்கவே விடாது. அது நல்லதுதான், பயப்படாமல் மீண்டும் பாருங்கள்.

### படங்கள்

கைப்பேசியில் எடுத்த படம் 3 முதல் 6 எம்பி இருக்கும், அகலம் 4000 பிக்சல். வாசகரின் திரையில் அது தெரியப்போகும் இடமோ அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஏற்றுவதற்கு முன் அகலத்தை 1200 பிக்சலாகக் குறைத்து, தரத்தை 75 முதல் 80 வரை வைத்துச் சேமித்தால் பெரும்பாலும் 200 கேபிக்குள் அடங்கும். ஸ்குவூஷ் என்ற இலவசக் கருவி உலாவியிலேயே இதைச் செய்யும்.

ஏற்கெனவே ஏற்றியவற்றுக்கு: பிளாகர் படமுகவரியின் நடுவில் சிறிய எஸ் என்ற எழுத்தும் 1600 என்ற எண்ணும் ஒட்டி இருந்தால் அந்த எண்ணை 800 ஆக்குங்கள். கூகுள் சிறிய வடிவத்தைத் தானே செய்து கொடுக்கும். மறு ஏற்றம் தேவையில்லை. செட்டிங்ஸில் போஸ்ட்ஸ் பகுதியில் லேசி லோட் இமேஜஸ், வெப்பி இமேஜ் சர்விங் என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். இரண்டையும் இயக்குங்கள்.

### முகப்பில் பதிவுகள் அதிகம்

முகப்பில் 20 முழுப்பதிவு காட்டினால் எல்லாப் படமும் ஒரே நேரத்தில் இறங்கும். 5 முதல் 7 போதும். ஒவ்வொரு பதிவிலும் இரண்டாம் பத்திக்குப் பின் ஜம்ப் பிரேக் போடுங்கள், முகப்பில் பதிவு அந்த இடத்தோடு நிற்கும்.

### எழுத்துரு, வார்ப்புரு, சர்வர்

நான்கு எழுத்துருக் குடும்பம் இழுத்தால் நான்கும் இறங்கும். ஒன்று போதும். கூகுள் எழுத்துருச் சுட்டியில் டிஸ்பிளே ஸ்வாப் என்ற சேர்க்கை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுத்துரு வந்து சேரச் சில நொடி ஆனால் அதுவரை எழுத்தே தெரியாமல் இருக்கலாம்.

இதெல்லாம் முடித்தும் 4 நொடி என்றால் வார்ப்புருதான் காரணம். இலவச வார்ப்புருத் தளங்களுக்கு ஓடுவதற்கு முன் பிளாகரே தரும் கன்டெம்போ, சோஹோ, எம்போரியோ, நோட்டபிள் ஆகியவற்றை முன்னோட்டத்தில் பாருங்கள். கைப்பேசிக்கும் பொருந்துபவை.

வேர்ட்பிரஸ் என்றால் இங்கே வேறு பாதை. சோதனை முடிவில் சர்வர் பதில் சொல்லும் நேரம் 0.8 நொடிக்கு மேல் இருந்தால் படத்தைச் சுருக்கிப் பயனில்லை. செருகுநிரல்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள், பக்கத்தைத் தயாராகச் சேமித்து வைக்கும் கேஷ் செருகுநிரல் ஒன்று போடுங்கள், பிஎச்பி பதிப்பைப் புதுப்பியுங்கள். பிறகும் குறையவில்லையென்றால் ஹோஸ்டிங் மாற்றும் செலவு. அதற்கு ஆள் வைத்துக்கொள்வது நல்லது. டேட்டாபேஸை நகர்த்தும்போது எழுத்துக்குறியாக்கம் தவறினால் எல்லாத் தமிழும் கேள்விக்குறியாகத் திரும்பி வரும். கேள்விக்குறியானதை மீட்க பழைய பேக்அப் மட்டுமே வழி.

## கைப்பேசியில் பக்கம் வலப்பக்கம் நழுவுகிறது

ஏதோ ஒன்று திரையைவிட அகலமாக இருக்கிறது. எந்தப் பதிவில் மட்டும் என்று பாருங்கள். யூடியூப் சட்டத்தின் அகலம் 560 என்று கொடுத்திருக்கலாம், 100 சதவீதம் ஆக்குங்கள். படத்துக்கு நிலையான அகலம் கொடுத்திருந்தால் எடுத்துவிடுங்கள். அட்டவணையை நான்கு நெடுவரிசைக்கு மேல் போடாதீர்கள். உடையாத நீண்ட சுட்டியை அப்படியே ஒட்டியிருந்தால் சொல்லுக்குப் பின்னால் மறைத்துக் கொடுங்கள்.

இந்த இடத்தில் சிலர் சொற்களை எங்கு வேண்டுமானாலும் உடைக்கச் சொல்லும் வேர்ட் பிரேக் விதியைப் போடுவார்கள். சுட்டி அடங்கும், ஆனால் தமிழ்ச் சொற்களும் நடுவில் முறிந்து அடுத்த வரிக்குப் போகும். ஓவர்ஃப்ளோ ரேப் விதி இடமில்லாதபோது மட்டும் உடைக்கும், அதைப் பயன்படுத்துங்கள்.

எல்லாப் பதிவிலும் நழுவினால் வார்ப்புரு கைப்பேசிக்கு ஏற்றதல்ல. தீம் பக்கத்தில் மொபைல் செட்டிங்ஸில் மொபைலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பக்கப்பட்டை மறைந்துபோகும், பெரிய நட்டமில்லை.

## படிக்கும்போது வரி குதிக்கிறது, விரல் விளம்பரத்தில் படுகிறது

விளம்பரமும் படமும் தாமதமாக வந்து எழுத்தைக் கீழே தள்ளுகின்றன. பேஜ்ஸ்பீடில் நகர்வு அளவு 0.1க்குள் இருக்க வேண்டும். படங்களுக்கு அகல உயர விகிதம் கொடுங்கள், விளம்பரப் பெட்டிக்கு முன்கூட்டியே உயரம் ஒதுக்குங்கள். முதல் பத்திக்கு மேல் விளம்பரம் வைக்காமல் இருந்தாலே பாதி தீரும். திரை முழுதும் மறைக்கும் பெட்டியை எடுத்துவிடுங்கள். 2017 ஜனவரி முதல் கூகுளும் அதைத் தரவரிசையில் பாதகமாகக் கொள்கிறது. பொத்தான்கள் 48 பிக்சல் உயரத்துக்குக் குறையக் கூடாது.

## ஒரு பதிவைப் படித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்

முகப்பைத் திறந்து முன்னோட்ட வரிகளை மட்டும் படியுங்கள். பத்துப் பதிவுக்கும் கீழே 'நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம், நலமா, நீண்ட நாட்களுக்குப் பிறகு' என்று இருக்கிறதா? முன்னோட்டத்துக்கு வார்ப்புரு எடுப்பது பதிவின் தொடக்க வரிகளைத்தான். வணக்கத்தை எடுங்கள், அல்லது கடைசியில் வையுங்கள். முதல் வாக்கியத்திலேயே விஷயம் வரட்டும். பதிவின் தொடக்கத்தில் 'பகுதி 3' என்று மட்டும் இருந்தால் முதல் இரண்டு பகுதிக்கும் அங்கேயே சுட்டி கொடுங்கள்.

அடுத்தது குறிச்சொற்கள். சமையல், சமையல் குறிப்பு, சமையல் குறிப்புகள், சமயல் என்று நான்கும் தனித்தனியாக இருக்கும். போஸ்ட்ஸ் பட்டியலில் ஒரு குறிச்சொல்லை வடிகட்டி, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, புதிய குறிச்சொல்லைச் சேர்த்துவிட்டுப் பழையதை நீக்கலாம். 8 முதல் 12 குறிச்சொல்லுக்குள் அடக்குங்கள். 'பொது', 'மொக்கை', 'அனுபவம்' ஆகியவை பெயருக்குத்தான் குறிச்சொற்கள். எல்லாப் பதிவும் அவற்றுக்குள் போய் விழுந்துவிடும்.

தேடல் பெட்டியில் 'வீடு' என்று போட்டுப் பாருங்கள், பிறகு 'வீட்டில்' என்று. முடிவுகள் வேறுபட்டால் உங்கள் வாசகருக்கும் அதே கதிதான். வேற்றுமை ஏறினால் சொல் உருமாறிவிடும் மொழியில் தேடல் பெட்டியை மட்டும் நம்பி இருக்க முடியாது. முக்கியமான 20, 30 பதிவுகளைத் தலைப்புவாரியாக அடுக்கிய ஒரு பக்கம் செய்து மெனுவில் வையுங்கள். மாத வாரியான பழைய பதிவுப் பட்டியல் இதற்கு ஈடாகாது. 2011 மார்ச்சில் நீங்கள் என்ன எழுதினீர்கள் என்று யாரும் தேடி வருவதில்லை.

## வாட்ஸப்பில் சுட்டி அனுப்பினால் படம் வரவில்லை

பதிவில் குறைந்தது ஒரு படம் வேண்டும். பிளாகர் முன்னோட்டத்துக்கு எடுப்பது முதல் படத்தை. அது கோயில் மணி ஐகானாக இருந்தால் மணிதான் வரும். 1200க்கு 630 பிக்சல், 300 கேபிக்குள் வைத்தால் சிக்கல் வராது. படம் இருந்தும் வரவில்லையென்றால் வார்ப்புருவின் தலைப்பகுதியில், முன்னோட்டத்துக்குப் படமும் தலைப்பும் எவை என்று சொல்லும் ஓஜி குறிகள் இல்லை. பிளாகரின் சொந்த வார்ப்புருவில் அவை தானாக இருக்கும். விளக்க வரிக்கு செட்டிங்ஸில் மெட்டா டேக்ஸ் பகுதியில் சர்ச் டிஸ்கிரிப்ஷனை இயக்கி, ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வரி எழுதுங்கள். ஃபேஸ்புக் மட்டும் பழைய படத்தையே காட்டினால் அதன் ஷேரிங் டீபக்கர் பக்கத்தில் சுட்டியைப் போட்டுப் புதுப்பியுங்கள்.

சுட்டியே அசிங்கமாக இருக்கிறதா? தலைப்பு முழுதும் தமிழில் இருந்தால் பிளாகர் 'பிளாக் போஸ்ட்' என்றும் ஓர் எண்ணும் போட்டுவிடும். வெளியிடுவதற்கு முன்பே பெர்மாலிங்க் பகுதியில் கஸ்டம் தேர்ந்தெடுத்து, மூன்று நான்கு ஆங்கிலச் சொற்களில் எழுதுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றினால் முன்பு பகிர்ந்த சுட்டிகள் உடையும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் கஸ்டம் ரீடைரெக்ட்ஸில் பழையதிலிருந்து புதியதற்கு வழி காட்டுங்கள். வேர்ட்பிரஸில் சிக்கல் தலைகீழ். அது தமிழை அப்படியே எடுத்துக்கொள்ளும், ஆனால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 9 இலக்கச் சதவீதக் குறியீடாக நீள்வதால், 200 இலக்க எல்லைக்குள் 22 குறி மட்டுமே அடங்கி, தலைப்பு பாதியில் வெட்டுப்படும். அங்கேயும் ஆங்கிலச் சுட்டியே வசதி.

## பின்னூட்டம் இட முடியவில்லை என்கிறார்கள்

உங்களால் முடிகிறது, அவர்களால் முடியவில்லை என்றால் பதிவுக்குக் கீழேயே பதித்த பின்னூட்டப் பெட்டிதான் முதல் சந்தேகம். மூன்றாம் தரப்பு குக்கீகளைத் தடுக்கும் உலாவிகளில் அந்தப் பெட்டிக்குள் உள்நுழைவு நிற்காது. வெளியிடு பொத்தானை அழுத்தினால் எழுதியது காணாமல் போகும். செட்டிங்ஸில் கமென்ட் லொகேஷனை பாப்அப் அல்லது ஃபுல் பேஜ் ஆக மாற்றுங்கள்.

சரிபார்ப்பு எழுத்துச் சோதனையை நிறுத்துங்கள். குப்பைக்குப் பயமென்றால் மட்டுறுத்தலை (நீங்கள் பார்த்து அனுமதித்த பிறகே வெளியாவது) 'சம்டைம்ஸ்' ஆக வைத்து, 14 நாளைக்கு மேலான பதிவுகளுக்கு மட்டும் போடலாம். குப்பைப் பின்னூட்டங்கள் பெரும்பாலும் பழைய பதிவுகளைத்தான் தேடிப்போகும். எல்லாவற்றுக்கும் மட்டுறுத்தல் வைத்துவிட்டு வாரம் ஒருமுறை பார்ப்பவர், பின்னூட்டம் வருவதில்லை என்று வருந்தக் கூடாது.

## சொல்லைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை, திரைவாசிப்பான் தமிழை ஆங்கிலமாகப் படிக்கிறது

முதலாவது, திருட்டைத் தடுக்க நீங்களே போட்ட வலச்சொடுக்குத் தடை. திருட நினைப்பவருக்கு அது தடையே இல்லை. ஒரு வரியை நண்பருக்கு அனுப்ப நினைத்த வாசகர்தான் தோற்றுப்போகிறார். எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, வார்ப்புருவின் முதல் குறியில் மொழி ஆங்கிலம் என்று எழுதியிருக்கிறது. லாங் என்ற பண்பில் தமிழின் ஈரெழுத்துக் குறியீடான டி, ஏ ஆகியவற்றைப் போட்டால் என்விடிஏ, டாக்பேக் போன்ற, பார்வையற்றோருக்குத் திரையை வாய்விட்டுப் படிக்கும் திரைவாசிப்பான்கள் தமிழ்க் குரலுக்கு மாறும். கவிதையைப் படமாகப் போடுபவர்கள் கீழே எழுத்திலும் போடுங்கள்.

## திறந்ததும் வேறு தளத்துக்குத் தாவுகிறது

இங்கே நீங்களாகத் தோண்டுவதற்கு எல்லை உண்டு.

முதலில் சமீபத்தில் சேர்த்த விட்ஜெட்டை எடுங்கள். போகவில்லையென்றால் வார்ப்புரு. இலவச வார்ப்புருக்கள் சிலவற்றில் அடிக்குறிப்பில் இருக்கும் செய்தவர் பெயரை நீக்கினால் அவர் தளத்துக்கே தள்ளிவிடும் ஸ்கிரிப்ட், படிக்க முடியாத எண் எழுத்துக் குவியலாக ஒளிந்திருக்கும். அதை அவிழ்க்க முயலாமல் பிளாகரின் சொந்த வார்ப்புருவுக்கு மாறிப் பாருங்கள். தாவல் நின்றால் பழையதைத் திரும்ப ஏற்றாதீர்கள்.

'பாதுகாப்பற்றது' என்று மட்டும் வந்தால் பதற வேண்டாம். செட்டிங்ஸில் எச்டிடிபிஎஸ் ரீடைரெக்டை இயக்குங்கள். சொந்த டொமைன் வைத்திருப்பவர்கள் எச்டிடிபிஎஸ் அவெய்லபிலிட்டியையும் இயக்கிவிட்டுச் சிறிது நேரம் காத்திருக்க வேண்டும்.

பிளாகரின் சொந்த வார்ப்புருவிலும் தாவல் தொடர்ந்தால், கூகுளின் சர்ச் கன்சோலில் செக்யூரிட்டி இஷ்யூஸ் பகுதியில் எச்சரிக்கை இருந்தால், அல்லது வேர்ட்பிரஸில் நீங்கள் உருவாக்காத நிர்வாகிப் பெயர் தெரிந்தால், கணக்கின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு அன்றே தொழில் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். உங்கள் கூகுள் கடவுச்சொல்லை அவருக்குக் கொடுக்க வேண்டியதில்லை. பர்மிஷன்ஸ் பகுதியில் அவர் மின்னஞ்சலுக்கு அழைப்பு அனுப்பி அட்மின் ஆக்குங்கள். என்னென்ன மாற்றினார் என்று எழுதி வாங்கிக்கொண்டு, வேலை முடிந்த அன்றே அந்தப் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிடுங்கள்.